இளைத்தலும் தேறுதலும்

ஓமலூர்ப் பக்கத்தில் ஒருவரை நெடுநாள் கழித்துப் பார்க்கிறவர்களின் கண் முதலில் உடம்பின் மேல்தான் விழும். கன்னம் ஒட்டியிருந்தால் “என்ன இப்படி எளைச்சுப் போயிட்டே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?” என்று குரல் தாழும். கொஞ்சம் சதை பிடித்திருந்தால் “இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு” என்று முகம் மலரும். இந்தத் ‘தேறுதல்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பரீட்சையில் தேறுவது, நோயிலிருந்து தேறுவது, துக்கத்திலிருந்து மனசு தேறுவது, உடம்பு தேறுவது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே சொல். அதற்கு எதிரில் நிற்பது இளைத்தல். மெலிவது, களைப்பது, அடுத்தவருக்குத் தோற்று நிற்பது என்று மூன்று பொருளும் அதில் கலந்து கிடக்கின்றன. ‘நான் யாருக்கும் இளைத்தவனில்லை’ என்று மார்தட்டுகிறவர் எடையைப் பற்றிப் பேசவில்லை. காசநோய்க்கு இங்கே வழங்கிய பெயர் எலும்புருக்கி. மெலிவு என்றாலே நோயும் வறுமையும் தோல்வியும் நினைவுக்கு வருகிற ஒரு மொழியில், வேண்டுமென்றே மெலிகிறவர் தம் முயற்சியைச் சொல்லிக்கொள்ளக்கூட ஒரு நல்ல வினைச்சொல் கிடைக்காமல் நிற்கிறார். ‘எடை குறைத்தல்’ என்பது மருத்துவமனைச் சீட்டிலிருந்து வந்த தொடர். வாசல் திண்ணையில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இந்தச் சொற்களுக்கு நடுவேதான் இன்று ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி, ராசிபுரம், நாமக்கல் என்று இந்தச் சமவெளி முழுக்க எத்தனையோ பேர் எடையைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, ரத்தக்கொதிப்பு நிற்கவில்லை என்று மருத்துவர் சொல்லி ஆரம்பித்தவர்களே அதிகம். 30 கிலோ குறைய வேண்டியவர் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் போனால் 60 வாரம் ஆகும். ஒரு வருஷம் முழுசாகத் திரும்பி, பொங்கலும் ஆடி நோம்பியும் தீபாவளியும் நாலைந்து கல்யாண விருந்தும் கடந்து போயிருக்கும். அந்த இறக்கமும் ஒரே சீராக இருக்காது. உடம்பு சிறுக்கச் சிறுக்க அது எரிக்கும் அளவும் சிறுத்துவிடுவதால், முதல் மூன்று மாதத்தில் கண்ட வேகம் பிறகு வாய்ப்பதில்லை. எடை மெஷினில் எண் அசையாமல் நிற்கும் அந்த வாரங்களில்தான் மனசு விட்டுப் போகிறது. அப்படி விட்டவரைப் பற்றி வீட்டார் சொல்வதும், அவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் ஒன்றுதான்: மனசில் உறுதி இல்லை. இந்தத் தீர்ப்பு அநியாயமானது என்று நான் நினைக்கிறேன். இந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால், மாதக்கணக்கில் வாயைக் கட்டும் காரியத்தை இங்கே எவரும் தனியாளாக, நெஞ்சுறுதியை மட்டும் நம்பிச் செய்ததே இல்லை. ஊரும் வீடும் நாள்காட்டியும் சேர்ந்து முட்டுக் கொடுத்த பிறகுதான் அது நடந்திருக்கிறது. முட்டுகளை எல்லாம் உருவிவிட்டு, சுவர் ஏன் சாய்ந்தது என்று சுவரையே இன்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சதையைச் செல்வமாகக் கருதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். சேலம் ஜில்லா தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஜில்லா. 1876இல் மழை பொய்த்தது; 1878 வரை பஞ்சம் நீடித்தது. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய தொகை, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துபோனது. இழந்த எண்ணிக்கையை ஜில்லா மறுபடி எட்டிப்பிடிக்க 1890கள் ஆயிற்று. காவிரி ஓர் ஓரத்தில் ஓடினாலும் ஓமலூர்ப் பக்கத்து மேட்டுக்காடு வானம் பார்த்த பூமி. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் சரபங்கா நதி மழைக்காலத்து ஆறு. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை வெள்ளாமை. இல்லாவிட்டால் மரவேரும் காட்டுக்கீரையும். அந்தப் பஞ்சத்தில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய முதியவர்களை வளர்த்தவர்கள். உடம்பில் இருக்கும் நாலு சேர் சதை, குதிரில் இருக்கும் நாலு மூட்டை தானியத்தைப் போன்றது என்று தப்பியவர்கள் கண்ணால் கண்டு கற்றிருந்தார்கள். வந்த விருந்தாளியை இன்னொரு கரண்டி வாங்கவைக்கும் கையில் அந்த நினைவும் இருக்கிறது.

அதே பஞ்சத்தில்தான் உடம்பு எவ்வளவு குறைந்த தீனியில் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வி அரசாங்கத்தின் கேள்வியாகவும் ஆயிற்று. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் அனுப்பி வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று அளவு வைத்தார். மதராஸ் சுகாதாரக் கமிஷனராக இருந்த கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற உடம்பை அந்த அளவு மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அளவு திருத்தவும்பட்டது. இதற்குப் பதினான்கு ஆண்டு முன்னால், 1863இல், லண்டனில் வில்லியம் பேண்டிங் என்ற சவப்பெட்டித் தொழில்காரர் தம் பருமனைக் குறைத்த விதத்தை ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். 202 பவுண்டிலிருந்து 156 பவுண்டுக்கு, ஏறத்தாழ 21 கிலோவை, ஓராண்டில் மெதுவாக இறக்கியிருந்தார். பருமனை வேண்டி விரும்பிக் குறைப்பது என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் பரப்பிய ஆரம்பகால நூல்களில் அது ஒன்று. எடை குறைப்பதை ஒரு மனிதரின் விருப்பமாகவும் சாதனையாகவும் பார்க்கிற பார்வை அங்கே பிறந்துகொண்டிருந்த அதே தலைமுறையில், இங்கே எடை குறைவது சாவின் முதல் படியாக இருந்தது. அந்தப் பார்வையை இப்போது நாம் கடன் வாங்கியிருக்கிறோம். வார்த்தைகள் மட்டும் பஞ்சகாலத்து வார்த்தைகளாகவே இருக்கின்றன.

அந்தக் காலத்து உடம்பு எப்படி உருவானது என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டுக்காட்டில் விளைந்தது ராகி, கம்பு, சோளம், சாமை, கொள்ளு, நிலக்கடலை. நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும். அன்றாடம் களி. களி கிளறுவது ஒரு ஆள் வேலை. பானையில் தண்ணீர் கொதித்ததும் அரிசி நொய்யைப் போட்டு வேகவிட்டு, ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டி, மாவு வேகும்வரை காத்திருந்து, கவைக்கோலால் பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். தோளும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்தால்தான் துடுப்பு திரும்பும். அதற்கு முன்பே அந்த மாவு திருகையில் சுற்றிச் சுற்றி அரைபட்டிருக்கும். கம்பாக இருந்தால் உரலில் இடிபட்டிருக்கும். தண்ணீர் தொட்டு உருட்டிய உருண்டையைக் கீரைக் கடைசலிலோ கொள்ளுக் கடைசலிலோ புரட்டி விழுங்குவார்கள். அந்த உருண்டையைத் தின்றவர் விடியும் முன்பே கவலை ஓட்டப் போய்விடுவார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து தோல்பறி ஏறி வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். மாடுகளைப் பின்னுக்கு நடத்திச் சரிவில் ஏற்றினால் பறி மறுபடி உள்ளே இறங்கும். ஒரு காடு நனைய இப்படி எத்தனை நடை என்று எண்ணிப் பாட்டாகவே பாடினார்கள். சந்தைக்கு நடை, கோயிலுக்கு நடை, பொண்ணு பார்க்கவும் நடை.

இந்த ஏற்பாடு இரண்டு தலைமுறைக்குள் கலைந்தது. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. ஓமலூர் சந்திப்பில் பிரியும் ரயில் பாதை அங்கேதான் போகிறது. ஆனால் அணை நீரின் பெரும்பங்கு தஞ்சை டெல்டாவுக்குப் போயிற்று. கால்வாய் எட்டாத மேட்டுக்காடு மேட்டுக்காடாகவே நின்றது. இங்கே எட்டியது மின்சாரம். பம்புசெட் வந்தது, கவலை நின்றது. மாவு மில் வந்தது. திருகை கொல்லைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் ஆரம்பித்த ஜவ்வரிசித் தொழில், மானாவாரிக் காட்டைக் குச்சிக்கிழங்குக் காடாக மாற்றியது. 1981இல் அதற்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. ராகி போட்ட இடத்தில் காசு தரும் கிழங்கு, வந்த காசில் அரிசி. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையே இல்லை. பஞ்சத்தை நினைத்துப் பார்த்தால் இது பெரிய சாதனை, இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தட்டில் இருந்ததும் உடம்பு செய்த வேலையும் ஒன்றாகவே மாறின என்பதையும் மறைக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2லிருந்து 37 சதவீதம். ஐந்து வருஷத்தில் ஒரு மாநிலத்துப் பெண்களில் பத்தில் ஒருவருக்குத் திடீரென்று மனவுறுதி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? சமவெளியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வில் எதிர்த்து ஏறுகிற ஒருவர் மூச்சு வாங்குவதை அவருடைய குறையாகக் கணக்கெழுதக் கூடாது.

இங்கே இரண்டு பேச்சு எழும். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது, அதனால்தான் தொப்பை இல்லாமல் வாழ்ந்தார்கள் என்பது ஒன்று. இதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் வாயைக் கட்டியதால் மெலிந்திருக்கவில்லை, இல்லாததால் மெலிந்திருந்தார்கள். கிடைத்த நாளில், கிடாவெட்டிலும் கல்யாணத்திலும், வயிறு கொண்ட மட்டும் சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிடாதவருக்குத்தான் என்னவோ ஏதோ என்று அஞ்சினார்கள். இல்லாமையைக் கட்டுப்பாடு என்று பெயர் மாற்றுவது, பட்டினி கிடந்த முன்னோருக்குச் செய்கிற அவமரியாதை, இன்று திணறுகிறவர் தலையில் ஏற்றும் வீண் சுமை. இன்னொரு பேச்சு, பழையபடி களிக்குத் திரும்பினால் போதும் என்பது. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆனால் மில்லில் மாவாகப் பொடித்துக் கிண்டிய களியும் மாவுச்சத்துதான். கவலை ஓட்டாத உடம்புக்கு மூன்று உருண்டை மூன்று உருண்டைதான். உருண்டையைத் திரும்பக் கொண்டுவரலாம், அதைச் செரித்த சரிவையும் வடத்தையும் கொண்டுவர முடியாது. பழைய காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தட்டில் இருந்த பண்டத்தை விட, தட்டைச் சுற்றி இருந்த ஏற்பாடு.

வேண்டுமென்றே வாயைக் கட்டுவது இந்த ஊர்களில் இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊருக்குக் காப்பு. மஞ்சள் நூல் கட்டியவர்கள் கவுச்சி தொடுவதில்லை, எல்லை தாண்டிப் போய் ராத் தங்குவதில்லை. புரட்டாசியில் பெருமாளை நினைத்து மாதம் முழுக்கப் பல வீடுகளில் அடுப்பில் கறி ஏறாது. கறிக்கடையும் கோழிக்கடையும் அந்த மாதம் விற்பனை மந்தம் என்பதைத் தெரிந்தே முதல் போடுகின்றன. கோழிக்குப் பேர்போன நாமக்கல்லில் முட்டை வியாபாரத்தின் மாதக் கணக்கிலும் புரட்டாசிக்கு ஒரு தனி இடம் உண்டு. இவற்றில் எதையும் தின்ன ஆசை இல்லாதவர்கள் செய்யவில்லை. காப்பு அவிழ்ந்த மறுநாள் கிடா விருந்துக்கு ஆள் பிடிக்க வேண்டியதே இல்லை. ஆசையோடு இருக்கும் சாதாரண ஆட்களை முப்பது நாள் நிற்கவைத்தது எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கையில் நூல் தெரிகிறது. பார்க்கிற எவரும் ‘ஒரு துண்டு எடுத்துக்கோ’ என்று வற்புறுத்த மாட்டார். தடுப்பது இவருடைய வேலையாக இல்லாமல், கொடுக்காமல் இருப்பது அவருடைய வேலையாகிவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால் எதிர்த் தட்டில் மணக்கும் குழம்பும் இல்லை. ‘வேண்டாம்’ என்று நாளைக்கு இருபது தரம் சொல்லிக் களைத்துப்போகிற மனசுக்கு, ஒரு தரம் நூல் கட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

பத்தியமும் அப்படித்தான். நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்துப் பத்தியம் சொன்னால் அதைச் சீட்டில் எழுதி நோயாளி கையில் கொடுப்பதில்லை. கூட வந்த அம்மாவிடமோ பொண்டாட்டியிடமோ சொல்வார். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, எண்ணெய் சேரக்கூடாது என்பதெல்லாம் சமைக்கிறவரின் பொறுப்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பது அவளுடைய அம்மா. சாப்பிடுகிறவரின் உறுதியை இந்த மரபு நம்பவே இல்லை, நம்பாமல் விட்டதே அதன் கெட்டிக்காரத்தனம். ஆனால் இதில் ஒரு கொடுமை உள்ளே இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. இன்று எடை குறைக்க வேண்டியவர்களில் பெரும் பங்கு பெண்கள். அவர்களே சமைக்கிறார்கள். புருஷனுக்குச் சர்க்கரை என்றால் மனைவி தனியாகச் சப்பாத்தி சுட்டுத் தருகிறார். மனைவிக்கு எடை ஏறினால், மூன்று பேருக்கு ஆக்கிய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மிஞ்சியது வீணாகிறதே என்று வழித்துப் போடும் கடைசிக் கரண்டியையும் சேர்த்து, அவர் மட்டும் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. பத்தியம் வைக்க ஆள் இல்லாத பத்தியம் அது. காப்புக் காலத்தில் அவருக்கு எளிதாக இருந்ததற்குக் காரணம், அன்று வீடே நூல் கட்டியிருந்தது.

நெடுங்காரியத்துக்கு இந்தச் சீமை வகுத்த ஏற்பாட்டை முழு உருவில் பார்க்க வேண்டுமென்றால் எடப்பாடிக்குப் போக வேண்டும். எடப்பாடி பருவதராஜகுல மக்கள் ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிக் காவடி எடுத்துப் பழநிக்கு நடக்கிறார்கள். 350 ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பழநி மலையில் மற்றவர்களுக்கு இல்லாத உரிமையாக ஓர் இரவு தங்குகிறார்கள். டன் கணக்கில் வாழைப்பழமும் சர்க்கரையும் வெல்லமும் கற்கண்டும் சேர்த்து மலையிலேயே பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். இந்த நடையில் எல்லோரும் திடகாத்திரமானவர்கள் இல்லை. வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகள் உண்டு. முதல் நாள் காலில் கொப்புளம் வந்தவருக்கு மீதித் தூரம் முழுக்கவும் கண்ணில் தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். தெரிவதில்லை. அன்றைய தங்கல் எங்கே, அங்கே யார் சோறு ஆக்குகிறார்கள், முன்னால் போன வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே பேச்சு. நடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையும் இருக்கிறது: ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் அடுப்புக்கு, ஒருவர் சாமான் மூட்டைக்கு. ‘இன்றைக்கு எனக்கு மனசில்லை’ என்று ஒருவர் நின்றுவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும். கூடவே, சோர்ந்தவரைக் கூட்டம் ஏசுவதில்லை. சுமையை மாற்றிக்கொள்கிறது, அவர் கொஞ்சம் பின்னால் வரலாம்.

சாமி காரியத்தையும் உடம்புக் காரியத்தையும் எப்படி ஒன்றாக வைக்கலாம் என்ற கேள்விக்கு நியாயம் இருக்கிறது. நேர்ந்துகொண்டவருக்கு வருகிற பயமும் பக்தியும் இடுப்புச் சுற்றளவை எண்ணி வராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்தி ஒன்றே போதுமென்றால் நூலும் கெடுவும் கூட்டமும் ஏன் வேண்டியிருந்தன? ஆழ்ந்த பக்தி உள்ளவருக்கே இத்தனை முட்டு தேவைப்பட்டதென்றால், வெறும் மருத்துவச் சீட்டோடு கிளம்புகிறவருக்கு இன்னும் அதிகம் தேவை. பக்தியே இல்லாத இடத்திலும் இதே உருவம் தானாக எழுந்திருக்கிறது. நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணி 1961இல், எடை குறைக்க முடியாமல் தவித்த தம் தோழிகளை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் பேச வைத்தார். இரண்டு வருஷத்தில் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாயிற்று. அவர் புதிய உணவுமுறை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நகரத்துச் சுகாதாரத் துறை கொடுத்த பட்டியல்தான் அடிப்படை. கூட்டம்தான் புதுசு. வாரத்தில் ஒரு நாள், அதே முகங்கள், ஏறினாலும் இறங்கினாலும் சொல்லிக்கொள்ள ஓர் இடம். எடப்பாடிக்காரர்கள் தங்கலில் செய்வதும் அதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. காப்புக்குக் கெடு உண்டு, அவிழ்த்ததும் விருந்து. பழநிக்குப் போனால் திரும்பி வரலாம். எடை குறைப்பதற்கு முடிவே இல்லையே? இறக்கியதைத் தாங்கிப் பிடிப்பது ஆயுள் முழுக்க அல்லவா? உடம்பும் சும்மா இருப்பதில்லை. 1944-45இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து எடையில் கால் பங்கைக் குறைத்தபோது, அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், பிறகு இழந்ததற்கு மேலேயே சதை போட்டார்கள். உடம்பு பஞ்சத்தை மறக்காது. இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: ஒரு மண்டலம் கடும் விரதம் இருந்து மறுநாள் விருந்துக்கு உட்காருகிற முறையை அப்படியே எடைக்கு எடுத்தால் அது தோற்கும், தோற்றுக்கொண்டும் இருக்கிறது. மெதுவாகப் போகச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஆனால் மீதிப் பாதிக்குப் பதில் இருக்கிறது. விரதம் ஒருமுறை வந்து முடிவதில்லை. வருஷா வருஷம் வருகிறது. இருபது புரட்டாசி கடந்தவருக்கு இருபத்தோராவது பாரமாகத் தெரிவதில்லை, கை தானாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 1994 முதல், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷமாவது தக்கவைத்தவர்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அதில் தெரிந்தது, இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை பிடித்து நின்றவர்களுக்கு மேற்கொண்டு நிற்பது எளிதாகிறது. அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள், நாளும் ஒரு மணி நேரம் அளவுக்கு உடம்பை அசைக்கிறவர்கள். முடிவில்லாத பாதையைக் கெடு கெடுவாக நறுக்குவதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆடிக்குள் நாலு கிலோ, ஆடி நோம்பிக்கு ஒரு வாரம் ஏறாமல் நின்றால் போதும், பிறகு புரட்டாசி என்று நறுக்குவதற்கு நம் நாள்காட்டியிலேயே கோடுகள் இருக்கின்றன.

எண் அசையாத வாரங்களுக்கு என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. இங்கே நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றது, உள்ளே ரத்தம் தேறிக்கொண்டிருந்தது. மனசு விட்டுப்போய் நிறுத்தத் துணிகிற ஒருவருக்கு இதைவிட நேரடியான சேதி வேறு இருக்க முடியாது. எடை மெஷினைத் தெய்வமாக வைத்தவர் அது அசையாதபோது எல்லாம் போயிற்று என்று நம்புகிறார். எடப்பாடி நடையில் பழநி மலை கடைசி வரை கண்ணில் படாது. அதற்காக நடந்த தூரம் இல்லாமல் போவதில்லை. சாயங்காலம் முட்டி வலி குறைந்ததா, படியேறும்போது இளைப்பு வாங்கவில்லையா, காலையில் ஊசி குத்திப் பார்த்த சர்க்கரை அளவு என்ன என்பவை எல்லாம் தங்கல்கள்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வாசல் தேடி வருகிறார்கள். பழைய வைத்தியர் அம்மாவிடம் பத்தியம் சொன்ன அதே வாசல். மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் அந்த ஊழியப் பெண்ணிடம், திண்ணையில் இருக்கும் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோற்றுக் கணக்கைப் பேச ஐந்து நிமிஷம் இருந்தால், வீட்டு அடுப்பு ஒன்று மாற வழி உண்டு. மருமகள் தட்டில் ஒரு கரண்டி குறைந்ததைக் கண்டு அந்த மாமியார் ஏன் பதறுகிறார் என்பதற்குத் தாது வருஷம் வரை போகும் காரணம் இருக்கிறது, அதை அறிந்தவர் அவரைக் கோபிக்க மாட்டார். ஓமலூர்ப் பேச்சிலும் ஒரு சின்ன அசைவு தெரிகிறது. “எளைச்சுப் போயிட்டியே” என்று அதே பதற்றத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். ‘இல்லைங்க, நானாத்தான் நடந்து கொறைச்சேன்’ என்று பதில் வந்ததும், கேட்டவர் ஒரு கணம் நின்று, தம் வயிற்றைத் தடவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்கிறார்: “காலையில எத்தன மணிக்குக் கெளம்புறே? நானும் வரட்டா?”